மீனாள் கட்சி சிவப்பு

"அடியே மேரி, உம்மக பெனிட்டா டிவியில வருதாமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

குரலை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் மீனாள் உள்ளே வந்தாள். பள்ளத்தூரில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது.

சூசைமேரி ஜெபமாலையும் கையுமாக டிவிக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். திரையில் ஐஸ் ஹாக்கி ஆட்டம்; வெள்ளை வெளேரென்று ஐஸ் தரை. ஸ்கேட்டிங் ஷூ மாட்டிய பெண்கள், சிவப்புச் சட்டை ஒரு பக்கம், நீலச் சட்டை ஒரு பக்கமாக, மட்டையோடு ஒரு கறுப்பு வில்லையை விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை.

"உக்காருகக்கா. இன்னைக்கு இவ நல்லபடியாச் செஞ்சாத்தான் உலகப் போட்டிக்குக் கூப்புடுவாகளாம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

"கூப்புடாமப் பின்னே? பட்டாளத்து அப்பன்கூட லடாக்குல இருந்தப்பவே உறைஞ்ச குளத்துல சறுக்கிப் பழகுன பிள்ளை! சிவப்புத்தானே நம்ம ஆளுக? பிள்ளைக்குச் சிவப்புன்னா உசுராச்சே."

"அக்கா, அது வந்து..."

"பேசாதடி, பந்து போகுது பாரு!"

கொஞ்ச நேரத்தில் மீனாள் அந்த ஆட்டத்தையே கரைத்துக் குடித்துவிட்டாள்.

"ஒத்தையா ஓடுறவளை நெருக்கிப்புடுறாளுக. கைமாத்திக் கைமாத்திக் கொண்டுவந்தாத்தான் கோலு விழுது. நம்ம வடமாடு மஞ்சுவிரட்டுல ஒம்பது பேரு சேந்து நின்னுதானே மாட்டை அணைக்கிறாக? அதேதான்டி இது!"

ஆட்டம் முடியப் போகிற நேரம். சிவப்பு ஒரு கோல் பின்னால் இருந்தது. நீலத்தின் வலைக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து வில்லை சட்டென்று வலைக்குள் போய் விழுந்தது.

மீனாள் குலவையே போட்டுவிட்டாள். குலவை முடியுமுன், கறுப்பு வெள்ளை வரிச்சட்டை போட்ட நடுவர் விரைந்து வந்து இரண்டு கைகளையும் வீசி விரித்தாள்.

கோல் இல்லை.

"ஏன்டி இல்லை? உள்ள போனது எங்கண்ணுக்கே தெரியுதே!"

"காலால ஒதைச்சு விட்டுருப்பாளுகக்கா. மட்டையாலதான் அடிக்கணும்."

"நீ எந்தக் கட்சிடி? பெத்தவ பேசுற பேச்சா இது? அந்த வரிச்சட்டைக்காரி எதிராளி வீட்டுக் கறிச்சோறு தின்னுருக்கா! அவ கண்ணு ரெண்டும்..."

"அக்கா!" சூசைமேரி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சாபம் மட்டும் விட்டுறாதீக."

ஆட்டத்தை நிறுத்தி, நடுவர்கள் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். அரங்கமே நடுவரைப் பார்த்து ஊளையிட்டது. மீனாளும் தன் பங்குக்கு ஊளையிட்டாள். சூசைமேரியின் உதடுகள் அசைந்தன. விரலுக்கடியில் மணி மட்டும் நகரவில்லை.

திரையில் பெரிதாகத் தெரிந்தது: சிவப்புக்காரியின் ஷூ வில்லையை நன்றாக எட்டி உதைக்கிறது. நடுவர் மறுபடியும் கைகளை விரித்தாள். கோல் இல்லைதான். ஊளை அப்படியே அடங்கியது. சற்று நேரத்தில் சங்கு ஊதி ஆட்டமும் முடிந்தது.

"ஜெயிச்சுட்டாக்கா! எம்மக ஜெயிச்சுட்டா!" சூசைமேரி மீனாளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

"புத்தி பேதலிச்சுப்போச்சா மேரி? சிவப்பு தோத்துருச்சுடி!"

திரையில் இரண்டு அணிக்காரர்களும் வந்து கைகொடுக்க, வரிச்சட்டைக்காரி வேர்வை வழிய ஹெல்மெட்டைக் கழற்றினாள். பெனிட்டா!

மீனாள் டிவிக்குக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். மறு கணமே தெருவுக்கெல்லாம் கேட்கும்படி முழங்கினாள்:

"நான் அப்பவே சொன்னேன்ல, அது கோலே இல்லைன்னு!"