கனகம் ஊற்றிய சிறுவாணித் தண்ணீர்

தொட்டியில் கொடுவா மீன் குஞ்சுகளில் பாதிக்கு மேல் சாய்ந்து கிடந்தன.

ஷ்ரவ்யா தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. இனித்தது.

“இதுல யாரு கை வெச்சது?”

அம்மா கனகம் காலிக் குடத்தோடு நின்றாள். “நான்தான் கண்ணு. பழசை மோந்து கொட்டிப்போட்டு சிறுவாணித் தண்ணி ஊத்துனேன். பாவம், எத்தன நாளைக்கு உப்புலயே கெடக்கும்?”



கடற்கரைப் பண்ணையிலிருந்து ஆக்சிஜன் பையில் போட்டு, மடியில் வைத்து ஷ்ரவ்யா கொண்டுவந்த குஞ்சுகள். கொடுவா கடலிலும் வாழும், ஆற்றிலும் வாழும். ஆனால் ஒரே மூச்சில் மாறச் சொன்னால் உடம்பு தாங்காது. அதனால்தான் தினமும் ஒரு குடம் கடல் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு குடம் போர் தண்ணீர் ஊற்றிவந்தாள். பாதி உப்பு இன்னும் மிச்சம் இருந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டியிருக்கிறாள்.

சாயங்காலம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அரங்கசாமி வருகிறார். குஞ்சுகள் துள்ளுவதைப் பார்த்தால்தான் மீன் வளர்க்கத் தன் பண்ணைக்குட்டையை அவளிடம் விடுவதாகப் பேச்சு. இல்லையென்றால் மறுபடி ஜவுளிக்கடையில் பில் போட வேண்டியதுதான். ‘மீனைப் பத்திப் படிக்க ஒரு காலேஜா?’ என்று சிரித்த சொந்தக்காரர்கள் எல்லாம் இன்னொரு முறை சிரிப்பார்கள்.

அடுப்படிக்கு ஓடினாள். இருந்த கல்லுப்பை எல்லாம் வாளியில் கொட்டிக் கரைத்து, சொம்பு சொம்பாகத் தொட்டியில் விட்டாள்.

கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஒரே அடியா மாத்துனா செத்துப்போகும்னு சொன்னேனா இல்லையா? ஒண்ணுகூடவா உன் மண்டையில ஏறலை?”

கனகம் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு குஞ்சு வாலை அசைத்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளாடி நிமிர்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மூன்று நான்கு மட்டும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அப்படியே மிதந்தன. மற்றவை செவுளைத் திறந்து மூடி, திறந்து மூடி, உயிரைப் பிடித்துக்கொண்டன.

அவளுக்கும் மூச்சு வந்தது.

கனகம் டீ டம்ளரைத் தொட்டித் திட்டில் வைத்தாள். ஷ்ரவ்யா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“என்னம்மா டீ இது? கரிக்குது.”

“இன்னைக்கு உனக்கும் போர் தண்ணிதான் கண்ணு.”

உனக்கும்.

ஷ்ரவ்யா எழுந்துபோய் அடுப்படி மூலையில் இருந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்தாள். குடிக்க மட்டும் என்று பிடித்துவைக்கிற சிறுவாணித் தண்ணீர். அடி தெரிந்தது. குழாயில் இனி வெள்ளிக்கிழமைதான் வரும்.

பக்கத்தில் அம்மா குடிக்கிற பானை. ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

“எப்பருந்தும்மா இதைக் குடிக்கற?”

“உம்பட மீனுக்குன்னு மிச்சம் புடிச்சேன். உனக்கு மட்டும் நல்ல தண்ணியிலயே டீ வெச்சுக் குடுத்தேன்.” கனகம் தொட்டியை எட்டிப் பார்த்தபடியே சொன்னாள். “நான் குடிக்கறதை ஒரே அடியா மாத்தலை கண்ணு. நீ சொன்னாப்பலயேதான். தெனமும் ஒரு சொம்பு கலந்து, ஒரு சொம்பு கலந்து. பழகிப்போச்சு.”

ஷ்ரவ்யா திட்டில் உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்து முடித்தாள்.