மிச்சமிருந்த ஒரு சம்மதம்

ஐந்து கல்லூரி நூலகங்களின் பழைய ஆய்வேடுகளையெல்லாம் ஒரே மின்நூலகத்தில் ஏற்றும் வேலை, கடைசியில் ஒரே ஒரு ஆய்வேட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"இதை ஏம்மா இழுத்தடிக்கிறீங்க?" என்றார் புதிதாக வந்திருந்த ஒருங்கிணைப்பாளர். "எழுதினவர் காலமாயிட்டார். அவர் மனைவிகிட்ட போன்ல சம்மதம் வாங்கி, பேருக்குப் பக்கத்துல இறந்த வருஷத்தைப் போட்டா வேலை முடிஞ்சுது."

"கூப்பிட்டுப் பார்த்தாச்சு சார். அந்தம்மா எடுக்க மாட்டேங்கிறாங்க." நூலகர் ஸ்கேனரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

முறைத்துக்கொண்ட பிள்ளைகள், போனிலேயே உடைந்து அழுத மனைவிகள் என்று எல்லோரிடமும் ஏற்ற இறக்கமில்லாத அதே குரலில் பேசிச் சம்மதம் வாங்கியவள் அவள்தான்.

"அத்தனை பேரையும் மசிய வச்சவங்களுக்கு இவங்க ஒருத்தர் பெரிசா? நகருங்க, நானே பேசுறேன்."

திரையில் இருந்த எண்ணைப் பார்த்து, அலுவலகத் தொலைபேசியில் அழுத்தினார். பக்கத்து மேஜையில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

ஸ்கேனர் ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த நூலகரின் செல்போன் அதிர ஆரம்பித்தது.

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே அந்த போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவள் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தாள்.

"சொன்னேனே சார், அந்தம்மா எடுக்க மாட்டாங்க."