நைஜல் வீட்டு மதிப்பு

"ஏம்மா பெரில், இப்ப குளுகுளுன்னு இருக்கா?"

நைஜல் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டிக் கத்தினான். கையில் வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் பழுப்பு உறை. முகம் சிவந்திருந்த சிவப்பைப் பார்த்தால் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரத்துப் பேருந்துகள் அத்தனையும் பிரேக் போட்டு நின்றிருக்கும்.

பெரில் ஆக்ராய்ட் அவசரப்படவில்லை. எழுபத்து நான்கு வயதில் அவசரப்படுவதற்கு உலகத்தில் எதுவும் பாக்கியில்லை. தேநீர்க் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்தாள். அதே பழுப்பு உறை அவளுக்கும் வந்து, காலையிலேயே மூன்று தடவை படித்தாகிவிட்டது.

இரண்டும் ஒட்டிப் பிறந்த வீடுகள். அதே செங்கல், அதே கதவு, நடுவில் ஒரே சுவர். இடப்பக்கத்தை நைஜல் விலைக்கு வாங்கியிருந்தான். வலப்பக்கத்தை வீட்டுவசதிச் சங்கம் பெரிலுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தது. அந்தப் புதுக் குடியிருப்பில் அந்த அமைப்பில் இருந்தவை இந்த இரண்டு வீடுகள்தான்.

பெரில் குடிவந்த முதல் வாரமே தோட்டத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள். நைஜலுக்குப் பொறுக்கவில்லை.

'வாடகைக்காரரின் உள்ளாடைகள் தெருவிலிருந்து தெரிகின்றன. என் வீட்டின் மதிப்பு குறைகிறது.' சங்கத்துக்கு இப்படி ஏழு கடிதங்கள், புகைப்படத்தோடு. சூயஸ் கால்வாய்க்குக்கூட அத்தனை கடிதப் போக்குவரத்து நடந்திருக்காது.

கொடியைக் கழற்றச் சொன்னார்கள். அக்டோபர் முழுக்க அறைக்குள்ளேயே துணி காய்ந்தது. புத்தம்புதுச் சுவரில் கரும்பூஞ்சை ஏறியது. பெரிலின் நெஞ்சில் சளி இறங்கியது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி.

திரும்பி வந்தவளை டாக்சியிலிருந்து இறங்கும்போதே நைஜல் வரவேற்றான்.

"ஆஸ்பத்திரியும் ஓசி, வீடும் ஓசி. எங்க வரியிலதானே உங்க வண்டியே ஓடுது!"

நாற்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள் அவள். உள்ளே போய்க் கெட்டிலைப் போட்டாள்.

கெட்டில் கொதிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டாள்.

நகராட்சி வசூலிக்கும் கவுன்சில் வரிக்கு வீட்டின் மதிப்பைப் பார்த்து அடுக்கு போடுவார்கள்; அடுக்கு ஏறினால் வரியும் ஏறும். இந்த இரண்டு வீடுகளுக்கும் 'ஏ' அடுக்கு. அது தவறென்று நினைத்தால், குடிவந்த ஆறு மாதத்துக்குள் எதிர்த்து எழுதலாம். பெரில் எழுதப் போவதாகச் சொன்னதும் நைஜல் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு ஓடிவந்தான். ஒரு வீட்டுக்கு இறங்கினால் ஒட்டிய வீட்டுக்கும் இறங்கும் அல்லவா?

'ஏ'வுக்குக் கீழே அடுக்கே கிடையாது என்பதை, மதிப்பு மதிப்பு என்று மூச்சுவிட்ட அந்த மனிதன் ஒருநாளும் பார்த்ததில்லை.

"வீடு வாங்கினப்ப குடுத்த விளம்பரப் புத்தகம் வச்சிருக்கியா, கண்ணு? எங்களை மாதிரி வாடகைக்காரங்களுக்கு அதெல்லாம் தரமாட்டாங்க."

வைத்திருந்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, பைபிளைப் போல. தங்க எழுத்தில் போட்டிருந்தது: 'விசாலமான இரண்டு படுக்கையறைகள்.' இரண்டாவது அறையில் இரட்டைக் கட்டில் போட்டு நைஜல் எடுத்த படத்தையும் அவனே சேர்த்துக் கொடுத்தான். கட்டிலைத் தாண்டி நடனமே ஆடலாம் என்று பெருமை வேறு.

வரி அலுவலகத்திடம் இருந்த வரைபடத்தில் அந்த அறை 'சாமான் அறை' என்று இருந்தது. அதை நம்பித்தான் அலுவலகம் இரண்டையும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளாகக் கணக்கிட்டு 'ஏ'யில் போட்டிருந்தது.

புத்தகமும் படமும் பெரிலின் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போயின. இப்போது இரண்டும் 'பி'.

"உங்களை நம்பிக் குடுத்தேன் பாருங்க!" நைஜலின் குரல் உடைந்தது. "இனிமே வருஷா வருஷம் கூடக் கட்டித் தொலையணும்!"

"எனக்கும்தானே ஏறியிருக்கு, கண்ணு." பெரில் தேநீரை ஊதினாள். "ஆனாலும் ஒரு நல்லது பாரு. உன் வீட்டு மதிப்பு குறையவே இல்லைன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருச்சு. அதை ஃபிரேம் போட்டு மாட்டு."

அவன் கதவை அறைந்த அறையில் பொதுச்சுவர் அதிர்ந்து, பெரிலின் அலமாரியில் இருந்த பீங்கான் நாய் அரை அங்குலம் நகர்ந்தது.

அவள் உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்தாள். குடிவந்தபோதே அடுக்கு விவரத்தோடு அலுவலகம் அனுப்பிய எச்சரிக்கைத் தாள் மேலேயே கிடந்தது. 'உங்கள் அடுக்கு உயரவும் கூடும். அண்டை வீடுகளின் அடுக்கும் உயரக்கூடும்.' அந்த இரண்டாவது வாக்கியத்தின் கீழே ஐந்து மாதத்துக்கு முன்பு சிவப்புப் பேனாவால் அவள் போட்ட கோடு அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கெட்டில் கொதித்த நேரத்தில் போட்டது.

அதை மடித்து வைத்துவிட்டு, இன்று பழுப்பு உறையோடு சேர்ந்து வந்த இன்னொரு தாளை எடுத்தாள். கவுன்சிலின் புதிய வரிச்சீட்டு. அடுக்கு: 'பி'. அதற்குக் கீழே, குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்கான முழுச் சலுகை. 'ஏ'யில் இருந்தபோதும் அதே சலுகை. கடைசி வரியில், செலுத்த வேண்டிய தொகை என்ற இடத்தில், முட்டை போல அழகான ஒரு பூஜ்யம்.

துணிக்கூடையிலிருந்து இரண்டு கிளிப் எடுத்தாள். நைஜல் தினமும் கடந்து போகிற முன்பக்க ஜன்னல் திரையில், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, அந்தச் சீட்டை மாட்டினாள்.

தன் வரியில்தான் இவள் வண்டி ஓடுகிறது என்று சொன்னவன் அவன். சொன்ன சொல்லைக் காப்பாற்றட்டும்.