ஏழாவது திருத்தம்

ஃப்ரீலான்ஸ் ஓவியர் நிலோபர் கல்லூரி வகுப்பில் விருந்தினராகப் பேசிக்கொண்டிருந்தாள். "இலவசமா இன்னொரு திருத்தம் கேட்டா, முடியாதுன்னு சொல்லிடணும்!"

அப்போது அவள் போன் அடித்தது. இந்த மாதம் அவளுக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர்! அழைப்பது யாரென்று அவள் சொன்னதும், ஸ்பீக்கரில் போடச் சொல்லி வகுப்பே கத்தியது. போட்டாள்.

"புத்தக அட்டையில அந்தப் புலி கொஞ்சம் சிரிக்கட்டுமேம்மா. ஏழாவது தடவைதானே?"

"சரி சார்..." என்று நிலோபர் இழுப்பதற்குள், முதல் பெஞ்சு செங்கமலம் போனைப் பிடுங்கினாள்.

"மேடத்தோட மேனேஜர் பேசறேன் சார். இனிமே ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி ரேட்."

நிலோபர் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள்.

"மேனேஜரெல்லாம் வச்சாச்சா? சொல்லவே இல்லையே! சரி, எவ்வளவு?" என்றார் வாடிக்கையாளர்.

செங்கமலம் போனைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, எவ்வளவுக்கா?"

நிலோபர் பதினொரு வருடமாக வரைகிறாள். திருத்தத்துக்கு விலை யோசித்ததே இல்லை.

"நீயே ஒண்ணு சொல்லிடும்மா" என்றாள் நிலோபர்.