நிறுத்தச் சொன்னவர்

"இன்னிக்கும் ஆகலைம்மா. விண்ணப்பத்தை நிறுத்தி வெச்சிருக்கு."

வங்கிக் கவுன்டரில் இருந்தவர் இதை அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அவளுக்கு வந்ததே கோபம்!

"முதல்ல போட்டோ சரியில்லைன்னீங்க. மாத்திக் கொடுத்தேன். அப்புறம் கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னீங்க. காசே போடாம ஆரம்பிக்கிற சாதாரணக் கணக்குக்கு இத்தனை இழுத்தடிப்பா சார்?"

"கொஞ்சம் பொறுமையா..."

"எப்படி சார் பொறுமையா இருக்கறது? எங்க வீட்டுக்காரர் மெஷின்ல அடிபட்டுப் போய்ச் சேர்ந்துட்டார். கம்பெனியில இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கணக்கு எண் கொடுன்னு கேட்டிருக்காங்க. கொடுக்கலைன்னா பைல் மேலிடத்துக்குப் போயிடும், பணம் எப்ப வரும்னே தெரியாது. அந்த நஷ்டஈட்டை நம்பித்தான் என் பொண்ணோட படிப்பே இருக்கு!"

"இல்லாதவங்கன்னா இவங்களுக்கு இளக்காரம்தான்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர். பின்னாலிருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள்.

கவுன்டர்காரர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எப்பவும் கூட வருவாரே, உங்க கொழுந்தன்... வரலையா?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கறார். எழுப்ப மனசு வரலை. பாவம், அவர் எத்தனை தடவைதான் அலைவார்?"

கவுன்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "நிறுத்தச் சொன்னது நாங்க இல்லம்மா. உங்க மாமியார்."

"என்னது?"

"அவங்க சொல்லி நாங்க நிறுத்தக் கூடாதுதான். ஆனா, கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினாங்க. காரணத்தை அவங்களே உங்ககிட்ட சொல்றாங்களாம். கையோட கூட்டிட்டு வாங்க. மூடறதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்."

மாமியாருக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் போகட்டும். செத்துப் போன மகனுடைய பணத்திலுமா கை வைப்பது? தெரு நெடுக அவளுக்குக் கோபம் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது.

மாமியார் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேங்குல போய் என் கணக்கை நிறுத்தச் சொன்னீங்களா அத்தை?"

மடிப்பு நின்றது. மாமியார் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவாப் பேசணும்? செஞ்சது ஊருக்குத் தெரிஞ்சுடும்னு பயமா? உங்க பேத்தி வயித்துல அடிக்கறீங்களே, நீங்கள்லாம் ஒரு அம்மாவா?"

சத்தம் கேட்டுக் கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் அவனுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"ஏம்மா, உனக்கு வெட்கமா இல்ல? அண்ணன் போனதுலேர்ந்து அண்ணிக்காக நான் நாயா அலையறேன். நீ பின்னாலயே போய்க் கெடுத்துட்டு வர்றியா? எதுக்கும்மா?"

மாமியார் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"அம்மா இப்படின்னு தெரியாமப் போச்சு அண்ணி. வாங்க, நானே வர்றேன். யார் தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்." அவன் சட்டையைத் தேடினான்.

"நீ வர வேண்டாம்." மாமியார் எழுந்துவிட்டாள். "நிறுத்தினது நான். எடுத்து விடறதும் நானாத்தான் இருக்கணும். நீ வந்தா நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு முகம் தெளிந்தது. "இப்பவாவது புத்தி வந்துதே. போயிட்டு வாங்க அண்ணி. கணக்கு எண் கிடைச்சதும் எனக்கு ஒரு போன் போட்டுடுங்க."

வழியில் வேகமாக நடக்க முடியாமல் மாமியார் பின்தங்கினாள். முன்னால் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த அம்மாளோடு இனி ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் மனசு கொதித்துக்கொண்டிருந்தது.

இவர்கள் உள்ளே நுழைந்ததும் காவலாளி கதவைப் பாதி சாத்திவிட்டார். கவுன்டர்காரர் விண்ணப்பத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

"சொல்லுங்கம்மா. இதை என்ன பண்ணட்டும்?"

"கிழிச்சுப் போட்டுடுங்க தம்பி" என்றாள் மாமியார், மூச்சு வாங்க.

"அத்தை!"

"நீ சும்மா இரு. இவ கணக்குல என் சின்ன மகன் தன் பேரையும் சேர்த்து எழுதியிருக்கான் தம்பி. ரெண்டு பேர்ல யார் வந்தாலும் பணத்தை எடுக்கலாமாம். பணம் விழுந்த அன்னிக்கே வழிச்சு எடுத்துடறேன்னு போன்ல யாருக்கோ வாக்குக் கொடுத்துட்டிருந்தான். என் காதால கேட்டேன். வீட்டுல சொன்னா இவ அவனைத்தான் நம்புவா, என்னை நம்ப மாட்டா. இவ பேருக்கு மட்டும் புதுசா ஒண்ணு கொடுங்க."

கவுன்டர்காரர் புது விண்ணப்பத்தை நிரப்பி, பேனாவோடு நகர்த்தினார். அவள் கண்ணில் நீர் முட்டியதில் காகிதம் கலங்கித் தெரிந்தது. கோடு தெரிந்த இடத்தில் பேனாவை வைத்தாள்.

மாமியார் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல கண்ணைத் துடை. இந்தத் தடவையாவது படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடு."