மூன்றாம் மாடிக்கு ஒரு லிஃப்ட்

பல்கலைக்கழகத்தின் கொள்முதல் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. அதை வாங்க இணையத்தில் இரண்டு முறை டெண்டர் விட்டும் ஒரே ஒரு கம்பெனிதான் வந்தது. தனி ஆளாக வந்தால் விதிப்படி ரத்து. இன்று மூன்றாவது முறை.

"இதுவும் போச்சுன்னா வேலையை விட்டுடுவேன் தம்பி. என் முட்டி தாங்காது" என்று கணக்காளர் அக்கா நேற்றே சூப்பிரண்டிடம் சொல்லிவிட்டார். டெண்டரைத் திறக்க இருவருடைய டிஜிட்டல் சாவியும் வேண்டும்.

சாப்பிடக் கீழே போயிருந்த அக்கா, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் திரும்பி வந்தார்.

"என்னக்கா, பறந்து வந்தீங்களா?"

"லிஃப்ட்லதான் வந்தேன். உள்ளே கண்ணாடிகூட இருக்கு. தலை வாரிக்கிட்டேன்."

சூப்பிரண்டு வராந்தாவை எட்டிப் பார்த்தார். லிஃப்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது.

"குசும்புக்கா உங்களுக்கு!"

இருவரும் சாவிகளைக் கணினியில் செருகினார்கள். திரையில் நான்கு கம்பெனிகள் வந்து நின்றன. சூப்பிரண்டு மேசையைத் தட்டிக் கூத்தாடினார். அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"லிஃப்ட் வர ஆறு மாசமாகும்க்கா. அதுவரைக்கும் படிதான்."

"உங்களுக்குத்தான் படி. யார் முதல்ல இறங்கறாங்கன்னு பார்க்கலாமா? தோத்தவங்க டீ வாங்கித் தரணும்."

சாயங்காலம் அக்கா பையை மாட்டிக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றார். சூப்பிரண்டு சிரித்தபடி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார்.

கீழே டீக்கடை பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய டம்ளர் பாதி காலியாகியிருந்தது.

"வாங்க தம்பி. காசு நீங்கதான்."

பக்கத்தில் இன்னொரு டீ காத்திருந்தது. அதன்மேல் ஆடை படிந்திருந்தது.