வடித்த தண்ணீர்

வில்லியனூர் கோயில்மணி ஓய்கிறது. மஞ்சள் வெயில் அடுப்படி வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே எலிசா அக்கா சுவரில் சாய்ந்திருக்கிறாள். அவள் கழுத்துக் கட்டி எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகிவிட்டது; நான் பார்ப்பது தவறாகவும் இருக்கலாம். நீரிழிவுக்குச் சோறும் கஞ்சியும் ஆகாது, முட்டையும் மீனும் கொடுங்கள் என்று பிரெஞ்சு டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் சவரிநாதன் மாமா அவித்த முட்டையைக் கிள்ளி ஊட்டுகிறார். மென்று விழுங்கப் பார்க்கிறாள். கட்டி அசைகிறது, முட்டை இறங்கவில்லை. முந்தானையில் துப்புகிறாள். "எறும்புக்குத்தான் என் மேல ஆசை. கொல்லையில நான் போன எடமெல்லாம் மொய்க்குது" என்று சிரிக்கிறாள். மாமா சிரிக்கவில்லை. "நேத்தும் ஒண்ணும் துன்னலியேடி. நான் இன்னா பண்ணுவேன்?" சோறு வடித்த தண்ணீர் இருக்கும் சட்டியில் ஆவி பறக்கிறது. அவள் அதையே பார்க்கிறாள். மாமா என் பக்கம் திரும்புகிறார். "மச்சான், நீ படிக்கிறவன், சொல்லு. இது சோறும் இல்ல, கஞ்சியும் இல்ல. வடிச்ச தண்ணிதானே?" அது வெறும் தண்ணீர் இல்லை, சோற்றின் மாவு கரைந்தது என்று எனக்குத் தெரியும். வேறு எது இறங்கும் என்று தெரியவில்லை. அதற்குள் மாமா சட்டியை ஊதி நீட்ட, அக்கா வாயைத் திறந்துவிடுகிறாள். ஒரு மடக்கு இறங்குகிறது. மாமாவின் முகம் தெளிகிறது. சட்டியை இன்னும் கொஞ்சம் சாய்க்கிறார்.